வந்த குடும்பத்துக்கு முதல் வேளைச் சோறு: யூத சமூகங்களின் அறநிதி முறையை மலையகத்தில் நடத்தும் வழி

மண்சரிவு அபாயம் என்று சொல்லி, இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தை, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டை, விட்டு எழுப்பப்பட்ட ஒரு தாய், வேறொரு தோட்டத்தில் இருக்கும் தங்கையின் ஒற்றைக் காம்பராவுக்குப் பிள்ளைகளோடு வந்து சேர்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். வந்த இடத்துச் செக்ரோலில், அதாவது தோட்டத் தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில், அவள் பெயர் இல்லை. கிராம உத்தியோகத்தரின் பதிவுகளிலும் இல்லை. நிவாரணப் பட்டியலோ அவள் விட்டுவந்த ஊரில் எழுதப்படுகிறது. பசி இங்கே இருக்கிறது, பெயர் அங்கே இருக்கிறது. கணவனின் அடி தாங்காமல் தாய்வீடு திரும்பிய பெண்ணுக்கும், வளைகுடா நாட்டிலிருந்து சம்பளமின்றித் திருப்பி அனுப்பப்பட்டவளுக்கும், தோட்ட வேலை செய்த கணவன் இறந்தபின் வேறு தோட்டத்தில் உறவினரை அண்டி வாழ வந்தவளுக்கும் இதுவே நிலை. நம்மிடம் மரண உதவிச் சங்கம் இருக்கிறது, கோயில் திருவிழாவுக்கு வரி இருக்கிறது, பெண்களிடையே சீட்டு இருக்கிறது. ஆனால், புதிதாக வந்து சேர்ந்த குடும்பத்துக்கென ஒதுக்கப்பட்ட பணம் பெரும்பாலான தோட்டங்களில் இல்லை.

இந்த ஒன்றை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக எழுத்திலும் நடைமுறையிலும் வகுத்து வைத்திருப்பவர்கள் யூதர்கள். நாடு விட்டு நாடு துரத்தப்பட்ட அந்தச் சமூகம், இன்றைக்கு உள்ளூர்க்காரனாக இருப்பவன் நாளைக்கு வந்தேறியாக நிற்கக்கூடும் என்பதை அனுபவித்து அறிந்தது. அறநிதிக்கு அவர்கள் வழங்கும் சொல் செதாக்கா. அதன் வேர்ச்சொல்லுக்கு நீதி என்பது பொருள். கூப்பா என்னும் பொதுநிதி இல்லாத யூத ஊரைத் தாம் கண்டதுமில்லை, கேட்டதுமில்லை என்று 12ஆம் நூற்றாண்டில் எழுதிய மைமோனிடிஸ், ஸ்பெயினின் கோர்தோபாவில் பிறந்து, மத அடக்குமுறையால் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து, எகிப்தில் தஞ்சம் புகுந்தவர். அவர்களுடைய விதிகளை ஐம்பது, அறுபது வீடுகள் கொண்ட ஒரு தோட்டப் பிரிவான டிவிசனில் அல்லது ஒரு சிறு நகரத்தில் எப்படி நடத்துவது என்பதையே இங்கே எழுதுகிறேன்.

தட்டும் கூடையும்

கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் யூதச் சட்டநூல் இரண்டு நிதிகளைப் பிரித்துச் சொல்கிறது. தம்ஹூயி என்பது தட்டு. அது அன்றாடம் சமைத்த உணவுக்கானது. கூப்பா என்பது கூடை; அது வாரத்துக்கு ஒருமுறை பகிரப்படும் பணத்துக்கானது. இரண்டு வேளைக்கு உணவு உள்ளவன் தட்டிலிருந்து எடுக்கக்கூடாது, பதினான்கு வேளைக்கு உள்ளவன் கூடையிலிருந்து எடுக்கக்கூடாது என்று அளவும் குறிக்கப்பட்டிருக்கிறது. வழிப்போக்கனாக வந்த ஏழைக்கு ஒரு ரொட்டி, இராத்தங்கினால் படுக்கைக்குத் தேவையானவை, ஓய்வுநாள் வரை தங்கினால் மூன்று வேளை உணவு என்று அந்த நூல் வரிசைப்படுத்துகிறது.

நாமும் இரண்டாகவே பிரிக்க வேண்டும். இன்றிரவுப் பசிக்கான பணத்தையும் அடுத்த மூன்று மாதத்துக்கான பணத்தையும் ஒரே பெட்டியில் போட்டால், பெரிய தேவை வரும்போது சிறிய தேவை காத்திருக்க நேரும். தட்டுக்குப் பணத்தைவிடப் பொருளே ஏற்றது: கோதுமை மா, அரிசி, பருப்பு, சீனி, தேயிலைத்தூள், கைக்குழந்தை இருந்தால் பால்மா. இவற்றைப் பூட்டிய தகரப் பெட்டியில், தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளை மடுவத்துக்குப் பக்கத்திலோ கோயில் மடைப்பள்ளியிலோ வைத்து, சாவியை எந்நேரமும் வீட்டிலிருக்கும் ஒருவரிடம் கொடுத்துவைக்கலாம். கொழுந்தெடுக்க மலைக்குப் போகிறவரிடம் சாவி இருந்தால் பகல் முழுதும் பெட்டி திறக்காது. ஓய்வுபெற்ற ஒரு பாட்டியே இதற்குப் பொருத்தமானவர்.

கூடைக்கான பணத்தைச் சம்பள நாளிலேயே சேர்த்துவிட வேண்டும். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அதிலும் கொழுந்து குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது பாதி நாள் சம்பளம்தான், விழும். ஆகவே ஒரு வீட்டிடம் மாதம் 100 ரூபாய்க்கு மேல் எதிர்பார்ப்பது சரியாகாது. அறுபது வீடுகள் கொடுத்தால் மாதம் 6,000 ரூபாய் சேரும். இது சிறுதொகை என்று தோன்றினால், 1892இல் நியூயோர்க்கில் கிழக்கு ஐரோப்பியக் குடியேறிகளுக்காகத் தொடங்கப்பட்ட ஹீப்ரூ வட்டியில்லாக் கடன் சங்கம் 95 டொலர் முதலோடுதான் தொடங்கியது என்பதை நினைத்துக்கொள்ளலாம். அது இன்றும் இயங்குகிறது.

சேர்க்க இருவர், தீர்மானிக்க மூவர்

கூப்பாவை இருவர் சேர்க்க வேண்டும், மூவர் பகிர வேண்டும் என்பது மிஷ்னாவின் விதி. ஒருவர் தனியே பணம் சேர்த்தால் சந்தேகம் எழும். யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்வதோ தீர்ப்புச் சொல்வதைப் போன்றது, எனவே வழக்கு விசாரிக்கும் மன்றத்தைப் போல மூவர் தேவை என்று மிஷ்னாவுக்கு விரிவுரையாக எழுந்த தல்மூத் விளக்குகிறது. அதற்கு மேலும் நுணுகிப் போகிறது அந்நூல்: சேர்க்கப்போகும் இருவரும் வழியில் ஒருவரை விட்டு ஒருவர் பிரியக்கூடாது, தெருவில் காசைக் கண்டெடுத்தால் சட்டைப்பையில் இடாமல் அறநிதிக்குள் போட்டு வீட்டுக்குப் போனபின் எடுத்துக்கொள்ள வேண்டும், சில்லறை மாற்றுவதானால் தம் சொந்தக் காசோடு மாற்றாமல் பிறரிடம் மாற்ற வேண்டும். இவர்கள் நேர்மையற்றவர்கள் என்ற எண்ணத்தில் இந்த விதிகள் எழுந்தவை அல்ல. நேர்மையானவர் மீது வீண்பழி வந்து விழுந்துவிடக்கூடாது என்ற அக்கறையே இவற்றுக்கு அடிப்படை.

நம் சூழலில் மூவரைத் தெரிவு செய்யும்போது மிகுந்த கவனம் வேண்டும். மூவரும் ஒரே தொழிற்சங்கத்தவராக இருந்தால் மற்றச் சங்கத்துக் குடும்பம் கேட்க வராது. மூவரும் ஒரே கோயில் கமிட்டியினராக இருந்தால் வேதக்கார வீடுகளும் முஸ்லிம் வீடுகளும் தயங்கும். ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்க வேண்டும், ஏனெனில் வீட்டை விட்டு வந்த பெண் தன் காயத்தைப் பற்றி ஆண்கள் மூவர் முன்னிலையில் வாய் திறக்கமாட்டாள். மாதர் சங்கத்தில் பழகிய ஒருவர், ஆசிரியர் அல்லது பிள்ளை மடுவப் பொறுப்பாளர் ஒருவர், வயது முதிர்ந்த தொழிலாளி ஒருவர் என்பது என் அனுபவத்தில் நன்றாக நடந்த சேர்க்கை. சங்கத் தலைவர்மாரை மதிப்போடு அழைத்துக் கணக்கைக் காட்டலாம். மூவரில் ஒருவராக்குவது தேர்தல் காலத்தில் நிதியைக் குலைத்துவிடும்.

அறநிதிப் பொறுப்பாளரிடம் கணக்குக் கேட்கவேண்டியதில்லை என்று தல்மூத் அவர்கள்மீது நம்பிக்கை வைக்கிறது. ஆயினும் 16ஆம் நூற்றாண்டில் போலந்தின் கிராக்கோவில் வாழ்ந்த மோசே இசர்லெஸ் என்னும் சட்ட அறிஞர், கணக்குக் கொடுப்பதே நல்லது என்று எழுதினார். நாமும் இசர்லெஸ் சொன்னபடியே நடக்க வேண்டும். இலக்கமிட்ட பற்றுச்சீட்டு, இருவர் கையொப்பமில்லாமல் பணம் எடுக்க முடியாத வங்கிக் கணக்கு, மாதந்தோறும் சேர்ந்ததும் செலவானதும் எவ்வளவு என்று, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடும் பெரட்டுக்களத்தில் வாசிக்கும் வழக்கம் ஆகிய மூன்றும் முதல் மாதத்திலேயே தொடங்கப்பட வேண்டும். செலவைத் தொகையாக வாசிக்க வேண்டுமே தவிர, பெற்றவர் பெயரை எந்த நிலையிலும் வாசிக்கக்கூடாது. பெயர் எழுதும் புத்தகம் மூவர் கையில் மட்டும் இருக்க வேண்டும்.

விசாரிப்பது எப்போது, எப்படி

பசி என்று வந்தவனை விசாரிக்கலாமா என்பது பற்றித் தல்மூதில் இரு அறிஞர்கள் மாறுபடுகிறார்கள். உடை கேட்பவனுக்கு உடனே கொடு, உணவு கேட்பவனை விசாரி என்கிறார் ஒருவர்; உடை கேட்பவனை விசாரி, உணவு கேட்பவனுக்கு உடனே கொடு என்கிறார் மற்றவர். சட்டமாக நின்றது இரண்டாமவர் கருத்து. ஆகவே தட்டுக்கு விசாரணை இல்லை. வந்த குடும்பம் யார், எந்தச் சாதி, ஏன் வந்தது, எத்தனை நாள் இருக்கும் என்ற ஒரு கேள்வியும் கேட்காமல் முதல் வேளை உணவு போய்ச்சேர வேண்டும். நம் சனங்களுக்கு இது புதிதன்று, பக்கத்துக் காம்பராவில் அடுப்பு எரியவில்லையென்றால் ரொட்டி தட்டி அனுப்புகிறவர்கள்தான். ஆனால் சங்கம், கமிட்டி என்று ஏதேனும் அமைத்த உடனே நமக்கும் படிவம் நிரப்பும் புத்தி வந்துவிடுகிறது.

கூடையிலிருந்து பணம் கொடுப்பதற்கு விசாரணை தேவை. அதற்கு முன்னே யூத வரலாற்றில் நடந்த ஒரு தவறையும் அறிந்திருப்பது நல்லது. 1859இல் இலண்டனில் நிறுவப்பட்ட யூத ஏழைகள் நலச் சபை, வேலையையும் கடனையும் கொடுத்துப் பல குடும்பங்களை நிமிர்த்தியது. ஆயினும் அந்தச் சபையை நடத்திய வசதி படைத்த யூதர்கள், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து கூட்டமாக வரும் ஏழைகளால் தங்களுக்கும் அவப்பெயர் வருமோ என்று அஞ்சி, நாட்டுக்கு வந்து ஆறு மாதம் ஆகாதவர்களுக்கு உதவி இல்லை என்று விதி வகுத்தார்கள். அந்த ஆறு மாதத்தில்தான் ஒரு குடும்பம் அழியும். அக்காலத்தில் கிழக்கு இலண்டனில் சைமன் கோஹன் என்ற ரொட்டிக்காரர், தம் இடத்திலேயே வந்தவர்களுக்குத் தங்க இடமும் ரொட்டியும் கொடுத்துவந்தார். சுகாதாரமற்றது என்று காரணம் காட்டி அந்த இடம் மூடப்பட்டபோது எழுந்த எதிர்ப்பின் விளைவாகவே, 1885இல் ஏழை யூதர் தற்காலிகத் தங்குமனை என்னும் முறையான நிலையம் உருவாகியது. அங்கே பதினான்கு நாள்வரை தங்க முடிந்தது. சட்டம் எழுதிய சபையும் இருக்கட்டும், வாசற்கதவைத் திறந்த ரொட்டிக்காரரும் இருக்கட்டும். நம்முடைய நிதி இரண்டாமவரின் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

விசாரிக்கப் போகிறவர்களுக்கு ஒரு நடைமுறை சொல்கிறேன். கடனுக்கு ஈடு வாங்கச் செல்பவன் கடன்பட்டவனுடைய வீட்டுக்குள் நுழையக்கூடாது, வெளியே நிற்க வேண்டும், அவனே பொருளை வெளியே கொண்டுவந்து தருவான் என்று யூத வேதமான தோராவின் ஐந்தாம் நூல் கட்டளையிடுகிறது. நம் கிறிஸ்தவர்கள் அதை உபாகமம் என்றும் இணைச்சட்டம் என்றும் வாசிக்கிறார்கள். பத்தடிக் காம்பராவில் வாழும் குடும்பத்துக்கு மறைக்க இடமே இல்லை. உள்ளே எட்டிப் பார்த்துப் பானையையும் பாயையும் எண்ணுவது விசாரணை ஆகாது. வாசல் திண்ணையான இஸ்தோப்பின் வெளியே நின்று கூப்பிட வேண்டும். அவர்கள் உள்ளே வரச் சொன்னால் மட்டும் போகலாம். இருவர் போக வேண்டும், அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். கேட்க வேண்டியவை நான்கே: இன்றும் நாளையும் உண்ண என்ன இருக்கிறது, மருந்து எடுக்கிறவர் யாராவது உண்டா, பள்ளிக்கூடம் நின்றுபோன பிள்ளை உண்டா, இழந்த பத்திரங்கள் எவை. மற்றதை அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

படம் எடுக்கவே கூடாது. இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் நாங்கள் சிலர் சேர்ந்து உலர் உணவுப் பொதிகளைக் கோயில் முன்றலில் பதாகை கட்டி வழங்கினோம். நன்கொடை தந்தவர்களுக்குக் காட்ட வேண்டுமென்று ஒவ்வொருவரையும் பொதியோடு நிறுத்திப் படமும் எடுத்தோம். வரிசையில் தாயோடு நின்ற ஒரு சிறுமியின் படம் கைத்தொலைபேசிகளில் சுற்றி, அவளுடைய வகுப்புக்கும் போய்விட்டது. இரண்டு கிழமை அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. அந்தத் தாய் எங்களைக் குறை சொல்லவில்லை, அடுத்த மாதம் பொதி வாங்க வரவுமில்லை. எருசலேம் ஆலயத்தில் மறைவறை என்று ஒன்று இருந்ததாகவும், கொடுப்பவர்கள் அதற்குள் மறைவாக இட்டுச் செல்ல, நல்ல நிலையிலிருந்து தாழ்ந்துபோன குடும்பத்தினர் மறைவாக அதிலிருந்து பெற்றுக்கொண்டதாகவும் மிஷ்னா கூறுவதைப் பின்னால் படித்தபோது, எங்கள் பதாகை என் கண்முன்னே வந்து நின்றது. இப்போது பொதிகள் இருட்டியபின் வீட்டுக்கு வீடு போகின்றன. கொடுத்தவர்களுக்குக் காட்டுவதற்குப் பற்றுச்சீட்டு இருக்கிறது.

வட்டியில்லாக் கடன்

மைமோனிடிஸ் அறத்தை எட்டுப் படிகளாக வகுத்தார். மனமின்றிக் கொடுப்பது கடைசிப் படி. கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் அறியாமல் கொடுப்பது மேலிருந்து இரண்டாம் படி. எல்லாவற்றுக்கும் மேலானது, விழுந்தவனுக்குக் கொடையோ கடனோ கூட்டுத்தொழிலோ வேலையோ கொடுத்து, அவன் பிறரிடம் கேட்க வேண்டாத நிலையை உண்டாக்குவது. கடன் எப்படி உயர்ந்த அறமாகும் என்று கேட்பவர்களுக்கு, வாரந்தோறும் வசூலுக்கு வரும் நுண்கடன் நிறுவனத்தவரைக் கண்டு காம்பராவைப் பூட்டிக்கொண்டு மலைக்குள் ஒளியும் பெண்களைத் தெரிந்தவர்களே பதில் சொல்லலாம். கடனால் வரும் கேடு வட்டியிலும் வசூலிக்கும் விதத்திலும் இருக்கிறது.

நியூயோர்க்கின் கடன் சங்கம் வட்டி வாங்கவில்லை, பொருளை ஈடு கேட்கவில்லை. பிணை நிற்பவர்களின் கையொப்பத்தின் பேரில் தள்ளுவண்டி வியாபாரிக்கும் தையற்காரருக்கும் சிறு தொகைகளைக் கொடுத்தது. நாமும் இரண்டு பிணையாளர்களோடு தொடங்கலாம். தொகையின் உச்சவரம்பைக் கூடையிலுள்ள மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், ஒருவர் தவறினாலும் நிதி கவிழாது. திருப்பிச் செலுத்துவது சம்பள நாளில், பத்து மாதத் தவணையில் இருக்கட்டும். மழைக் காலத்தில் வேலைநாள் குறையும் மாதங்களில் தவணையைக் கேட்காமல் தள்ளிவைப்பதை முன்கூட்டியே எழுதிவிட வேண்டும், ஏனெனில் பின்னர் தனித்தனியாகச் சலுகை கொடுத்தால் முகம் பார்த்துக் கொடுத்ததாகப் பேச்சு வரும்.

தோடு, தாலி, அடையாள அட்டை, வங்கி அட்டை ஆகிய எதையும் ஈடாக வாங்கக்கூடாது. ஏழையின் போர்வையை ஈடாக வாங்கினால் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுத்துவிடு, அதைத் தவிர அவன் எதைப் போர்த்துப் படுப்பான் என்று தோரா கேட்கிறது. நுவரெலியாவின் சனவரிக் குளிரை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி விளங்கும்.

தையல் இயந்திரம், இரண்டு ஆடு, மரக்கறித் தோட்டத்துக்கான விதையும் உரமும், கடைகளுக்குப் பலகாரம் செய்து கொடுப்பதற்கான முதல் ஆகியவற்றுக்குக் கடன் கொடுத்தது பெரும்பாலும் திரும்பி வந்திருக்கிறது. பழைய நுண்கடனை அடைப்பதற்கென்று கேட்டால் அவசரப்படாமல், அந்தக் கடனின் பத்திரங்கள் எல்லாவற்றையும் கேட்டு வாங்கி, முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, ஏற்கெனவே கட்டியது எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தபின்னரே தீர்மானிக்க வேண்டும். பல இடங்களில் முதலைவிட அதிகமாகவே கட்டி முடித்திருப்பார்கள்.

பத்திரமும் பாஷையும்

அமெரிக்காவில் குடியேறியவர்களுக்கு உதவிய ஹையாஸ் என்னும் யூத அமைப்பு, 1904இல், நியூயோர்க் துறைமுகத்தில் குடியேற வருவோரைப் பரிசோதித்த எல்லிஸ் தீவிலேயே தன் அலுவலகத்தை அமைத்தது. கப்பலிலிருந்து இறங்கியவர்களின் மொழியான இத்திஷில் பேசி, அதிகாரி கேட்பதை விளக்கி, உறவினருக்குத் தகவல் அனுப்பி, திருப்பி அனுப்பப்பட இருந்தவர்களுக்காக வாதாடியது. பணத்தைவிட இந்த உதவியே பலரைக் காப்பாற்றியது. மலையகத்தில் நாம் பெரிதும் புறக்கணிக்கும் உதவியும் இதுவே. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை அதன் மிச்சங்களைச் சுமந்த நமக்கு, ஒரு தாளின் மதிப்பை வேறு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆகவே நிதியோடு சேர்த்து, சிங்களமும் தமிழும் எழுதத் தெரிந்த இரண்டு இளைஞர்களைத் துணைபோகிறவர்களாக நியமிக்க வேண்டும். அவர்கள் வந்த குடும்பத்தோடு கிராம உத்தியோகத்தரிடம் சென்று வதிவிடக் கடிதம் பெற வேண்டும்; பிறப்புச் சான்றிதழின் பிரதிக்குப் பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும்; அஸ்வெசும என்னும் அரச நலன்புரிக் கொடுப்பனவு பழைய முகவரியில் இருந்தால் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்; பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்க அதிபரைப் பார்க்க வேண்டும். தமிழ் அரசகரும மொழி என்பதால் விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதி, பதிலையும் தமிழில் கேட்கலாம். பேருந்துக் கட்டணமும், ஒருநாள் பேர் இழப்பதற்கான ஈடும் கூடையிலிருந்து கொடுக்கப்பட வேண்டும், ஏனென்றால் பலர் அலுவலகம் போகாததற்குக் காரணம் அறியாமை அன்று, போனால் அன்றைய சம்பளம் போய்விடும் என்பதே.

சில காரியங்கள் நம் நிதியின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. அடித்துத் துரத்தப்பட்ட பெண்ணுக்கு 1938, பிள்ளைக்கு ஆபத்தென்றால் 1929, வெளிநாட்டில் வேலைக்குப் போனவர்களின் பிரச்சினைக்கு 1989, மண் அசைகிறது என்றால் 117, அம்புலன்ஸுக்கு 1990 என்ற இலக்கங்களைத் தகரப் பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டிவைக்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் மலைகள் சரிந்ததையும் பார்த்தவர்கள், பெட்டியை நிரப்ப அனர்த்தம் வரும்வரை காத்திருக்கமாட்டார்கள்.

நம்மவர் அல்லாதவர் வந்தால்

இந்தக் கேள்வி கட்டாயம் எழும். உன் ஊர் ஏழை முதலில் என்று யூதச் சட்டம் வரிசை வகுக்கிறது. அதே தல்மூத், அமைதியின் பொருட்டு யூதரல்லாத ஏழைகளையும் யூத ஏழைகளோடு சேர்த்தே தாங்க வேண்டும் என்றும் சொல்கிறது. யூத அகதிகளுக்காகத் தோன்றிய ஹையாஸ், 1975இல் வியட்நாம் போரின் முடிவில் வந்த அகதிகளுக்கும் வீடும் வேலையும் தேடிக் கொடுத்தது. இன்று அதன் உதவி பெறுகிறவர்களில் மிகப் பலர் யூதரல்லாதவர்கள். பக்கத்துக் கிராமத்துச் சிங்களக் குடும்பம் மண்சரிவில் வீடிழந்து வந்தால், தட்டிலிருந்து கொடுப்பதற்கு மூவரும் கூடவேண்டிய அவசியமே இல்லை.

பெற்ற குடும்பம் கொடுப்பது பற்றி

அறநிதியால் வாழ்கிற ஏழையும் அறம் செய்ய வேண்டும் என்பது தல்மூதின் விதி. முதலில் இது எனக்குக் கொடுமையாகத் தெரிந்தது. பிறகு மூன்றாம் மாதம் தானாகவே பத்து ரூபாய்க் குற்றியொன்றைக் கொண்டுவந்து பெட்டிக்குள் போட்ட ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்தபோது, பெறுகிறவர் பட்டியலிலிருந்து ஊரார் பட்டியலுக்கு அவள் தானே நடந்து வந்துவிட்டாள் என்பது புரிந்தது. எனவே வந்த குடும்பத்திடம் வரி கேட்கக்கூடாது. கொண்டுவந்தால் மறுக்கவும் கூடாது, எவ்வளவு சிறியதானாலும் அதற்கும் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும்.

சில குடும்பங்கள் தங்காமல் கொழும்புக்கோ வேறு தோட்டத்துக்கோ போகும். கெய்ரோவின் பழைய யூத ஆலயத்தில் கிடைத்த மத்தியகாலத் தாள்களில், ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகும் ஏழைக்காக எழுதிக்கொடுத்த பரிந்துரைக் கடிதங்கள் நிறைய உண்டு. வழிச்செலவுக்குப் பணமும் இரண்டு வேளைக் கட்டுச்சோறும் கொடுக்கும்போது, போகிற இடத்தில் நமக்குத் தெரிந்த ஓர் ஆசிரியருக்கோ குருக்களுக்கோ பாதருக்கோ, இந்தக் குடும்பத்தில் எத்தனை பேர், பிள்ளைகள் எந்த வகுப்பு, எந்தப் பத்திரம் கைவசம் இருக்கிறது, எது இன்னும் எடுக்க வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதி, கையொப்பமிட்டு, கடித உறையை ஒட்டாமல் அந்தத் தாயின் கையிலேயே கொடுக்க வேண்டும்.